அப்பா காணாத திமிங்கிலம்

தலைக்கவசத்துக்குள் தேங்காயெண்ணெயும் பழைய வியர்வையும் மணத்தன. மாமாவிடம் இரவல் வாங்கியது; என் தலைக்குப் பெரிது. அது கண்ணை மறைப்பதும் நான் தூக்கிவிடுவதுமாக, களுவாஞ்சிக்குடியிலிருந்து திருகோணமலை வரைக்கும் அப்பாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஐந்து மணித்தியாலம் மோட்டார் சைக்கிளில் போனேன். எனக்கு அப்போது பதினைந்து வயது.

திமிங்கிலம் பார்ப்பது என் ஆசையல்ல, அப்பாவின் ஆசை. வாவியில் தோணி விட்டு இறால் பிடிப்பவர் அவர். அந்த வாவியை எங்கள் பக்கம் "ஆறு" என்றுதான் சொல்வோம். கடலுக்குப் போகிறவர்கள் திமிங்கிலம் கண்ட கதை சொன்னால் சின்னப்பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு கேட்பார். திருகோணமலையில் படகில் கூட்டிப்போய்க் காட்டுகிறார்களாம் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை. "சாகிறதுக்கு முன்ன ஒருக்கா கண்டிரணும்" என்பார். அம்மாவுக்குக் கடல் பயம் என்பதால் துணைக்கு நான். வாகரை, வெருகல் என்று ஊர்கள் கழியக் கழிய, முன்பு வாகனங்களை ஏற்றி அக்கரைக்குக் கடத்தும் மிதவையான "பாதை"க்காகத் தான் மணிக்கணக்கில் காத்துக்கிடந்த இடங்களிலெல்லாம் பாலம் வந்துவிட்டதைக் காற்றுக்குள் கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டு வந்தார். பாதி விளங்கவில்லை, எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றேன்.

அன்று சொந்தக்காரர் வீட்டில் தங்கி, மறுநாள் காலையில் படகேறினோம். படகோட்டி எல்லோருக்கும் குளிசை நீட்டினார். "போடுங்க ஐயா, வெளிக்கடல் பிரட்டும்."

"நான் ஆத்தில பிறந்து வளந்தவன் தம்பி. எனக்கு வாந்திக் குளிசையா?" என்று அப்பா சிரித்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் ஒன்றை வாங்கி விழுங்கினேன். வாவியில் அப்படி அலை அடிப்பதில்லை என்பதை இரண்டு பேருமே நினைத்துப் பார்க்கவில்லை.

கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் அப்பாவின் பேச்சு நின்றது. பிறகு சத்தியெடுத்தார். நல்லநாள் பெருநாளுக்குப் போடும் வெள்ளைச் சேர்ட்டெல்லாம் காலையில் தின்ற புட்டு. கொழும்பிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தில் என் வயதுப் பெண்ணொருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். வெட்கம் என்னைத் தின்றது. எழும்பி முன்பக்கம் போய், அவரோடு வராதவள் மாதிரி நின்றுகொண்டேன். அப்பா துவாயை முகத்தில் போட்டபடி படகின் அடியில் சுருண்டு படுத்துவிட்டார்.

அப்போதுதான் அது வந்தது. பஸ் நிற்கும்போது விடும் மூச்சைப் போல ஒரு சத்தம், தண்ணீர் பீறிட்டது. நீலச்சாம்பல் முதுகு முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்க, கடைசியில் வால் உயர்ந்து, மெல்ல உள்ளே இறங்கியது. எல்லோரும் கமராவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்பா என்னிடமிருந்து நாலடி தூரத்தில் கிடந்தார். கூப்பிட்டால் அந்தப் பெண் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். நான் கூப்பிடவில்லை.

திரும்பும் வழியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தி, "பெரிசா மகள்?" என்று கேட்டார்.

"அவ்வளவு பெரிசில்ல அப்பா."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் அவரே சொன்னார். "புள்ள கூப்பிட்டுத்தான் இருக்கும். எனக்குத்தான் ஒழும்ப ஏலாமப் போயித்து." நான் தலைக்கவசத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் போவோம் என்றார். அடுத்த வருஷங்கள் வந்து வந்து போயின. மோட்டார் சைக்கிளை விற்றாயிற்று, தோணி கரையில் கவிழ்ந்தபடியே உக்கிப்போயிற்று. சீனி வருத்தம் அப்பாவின் ஒரு கண்ணை முதலில் கொண்டுபோய், பிறகு மற்றதையும் கொண்டுபோனது. இப்போது எனக்குச் சொந்தமாக ஸ்கூட்டர் இருக்கிறது. அவரை ஏற்றிக்கொண்டு எங்கும் போகலாம், எதைக் காட்டுவது?

வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் பயணத்தை ஆரம்பத்திலிருந்து சொல்லுவார். அன்று அவர் ஊகித்துச் சொன்னது வருஷங்கள் போக அவருக்குக் காதால் கேட்டதைப் போல நிச்சயமாகிவிட்டது. போன கிழமை வந்தவர்களிடமும் சொன்னார். "கிடந்த கிடையில கேட்டுக்கொண்டுதான் இருந்தன். அப்பா, அப்பா எண்டு எத்தின தரம் கூப்பிட்டவள் என்ட மகள். என்ன மகள்?"

என் குரல் வரக்கூடிய பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தார்.

"ஓம் அப்பா, கூப்பிட்டன்" என்றேன்.