பச்சை ஸ்கூட்டி வந்த காலை

ஜெகதீஸ்வரி ரீச்சரின் ஸ்கூட்டி அக்கராயன் குளக்கட்டில் திரும்பும்போதே முன்பள்ளிக்குள் சத்தம் கேட்டுவிடும். சைலென்சரில் ஓட்டை. அவர் அதைத் திருத்தவே இல்லை. "நான் வாறது பிள்ளையளுக்குத் தெரியவேணும்" என்பார்.

அன்று அந்தச் சத்தத்தோடு வந்தது அவருடைய மகள் சுதாஜினி. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வாய்க்கால்களும் மதகுகளும் வரைகிறவள். அம்மா மாரடைப்பில் போய் மூன்றாவது கிழமை. முன்பள்ளியில் கிடந்த அம்மாவின் சாமான்களை எடுக்க வந்தாள். அவளுடைய மோட்டார் சைக்கிளுக்குக் காற்றுப் போயிருந்தது. பச்சை ஸ்கூட்டியை எடுத்தாள். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

முன்பள்ளி வாசல் படலையில் நின்ற சின்னவன் நிருஷன் துள்ளினான். "ரீச்சர் வந்திட்டா! ரீச்சர் வந்திட்டா!"

உள்ளேயிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். சுதாஜினி ஹெல்மெட்டைக் கழற்றினாள். சத்தம் அடங்கிவிட்டது. நிருஷன் மட்டும் ஸ்கூட்டிக்குப் பின்னால் போய்த் தேடிப் பார்த்தான்.

உதவி ஆசிரியை சிவரூபி அவளை ஒருபக்கமாக இழுத்தாள். "ரீச்சர் கொழும்புக்குப் போயிட்டா எண்டுதான் தாய்தகப்பன்மார் சொல்லி வைச்சிருக்கினம், அக்கா. இவன் படலையை விட்டு அசையிறானில்லை. சாப்பாடும் அங்கதான். நீங்களும் அப்பிடியே சொல்லிவிடுங்கோ."

சொல்லலாம். ஒரேயொரு வசனம். நாளைக்கும் நிருஷன் படலையில்தான் நிற்பான்.

பிள்ளை அழுதால் ஜெகதீஸ்வரி காரணம் கேட்கமாட்டார். பஸ்டல் கலர்ப் பெட்டியை நீட்டி, "உன்ர அழுகை என்ன கலர்?" என்பார். கீறி முடித்த படத்தைப் பார்த்து 'இது என்ன?' என்றும் கேட்கமாட்டார். "கதையைச் சொல்லு" என்பார். பிறகு வாயை மூடிக்கொண்டு இருப்பார். வீட்டில் வாய் ஓயாத மனுசிக்கு அதுதான் பெரிய பாடு. போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் இருந்தபோது தாளுக்கும் வழியில்லாமல் மணலில் ஈர்க்கால் கீறவைத்த காலத்திலிருந்து வந்த பழக்கம். "அழுகைக்குக் கலரோ? அப்ப அளவுகோல் என்னம்மா?" என்று சுதாஜினி பகிடி பண்ணுவாள்.

இப்போது அவள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "நான் ஸ்கூட்டி கீறப்போறன். ஆர் வாறியள்?"

வட்டம் வட்டமாகவே வந்தது. கோடு கோடாகவே வந்தது. அதில் அம்மாவை ஏற்றினாள்.

"சில்லு ரெண்டும் வடிவாயிருக்கு" என்றாள் நாலு வயது யதுர்ஷிகா. "ஆனா இது ரீச்சர் இல்லை. ரீச்சர் குண்டு."

"ரீச்சர் குண்டில்லையடி, அவான்ர பைதான் குண்டு" என்றது இன்னொரு வாண்டு.

"பின்னுக்கு வாழைக்குலை கட்டுங்கோ!"

"அது ஒருநாள்தான் கொண்டு வந்தவா!"

"கொண்டு வந்தவாதானே!"

சுதாஜினி ஆளைக் குண்டாக்கினாள். பையைப் பெருப்பித்தாள். வாழைக்குலையைக் கட்டினாள். அளவுகள் கெடக்கெட, படம் அம்மாவைப் போல ஆகிக்கொண்டு வந்தது.

எப்போது வந்தானோ, நிருஷன் அவளுடைய தோளுக்குப் பின்னால் நின்றான். "ரீச்சர் எங்க போறா?"

பென்சில் நின்றது.

"ரீச்சர் கொழும்புக்குப் போகேல்லை, நிருஷன். அவாவுக்கு நெஞ்சு நோ வந்தது. செத்துப்போனா. இனி வரமாட்டா."

சிவரூபி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்கட ஆட்டுக்குட்டியும் செத்தது" என்றாள் யதுர்ஷிகா. "நான் அழுதனான். பிறகு சோறு சாப்பிட்டனான்."

"படலையில நிண்டாலும் வரமாட்டாவோ?" என்று கேட்டான் நிருஷன்.

"நிண்டாலும் வரமாட்டா."

அவன் குரலெடுத்து அழுதான். சுதாஜினியின் கை தானாகப் பெட்டியை நீட்டியது. "உன்ர அழுகை என்ன கலர்?"

மண்ணிறத்தை எடுத்தான். பஸ்டல் முறியும்வரை அழுத்திக் கீறினான். முறிந்த துண்டாலும் கீறினான். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "நீங்களும் அழுறியள். உங்கட என்ன கலர்?"

செத்தவீட்டில்கூட அவள் அழவில்லை. பந்தல்காரனையும் ஐயரையும் கவனிப்பதிலேயே பொழுது போய்விட்டது. இப்போது கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம். பச்சையை எடுத்தாள்.

"ஐயோ, பச்சையை எடுக்காதேங்கோ!" என்று யதுர்ஷிகா அதைப் பறித்தாள். "ஸ்கூட்டிக்குப் போதாமல் போயிடும்."

சுதாஜினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணீர் நிற்கவும் இல்லை. செம்மஞ்சளை எடுத்து ஒரு கோடு இழுத்தாள். அது வளைந்து நெளிந்து தாளைத் தாண்டித் தரையிலும் போனது.

நிருஷன் அந்தக் கோட்டை ஆறஅமரப் பார்த்தான். "கதையைச் சொல்லுங்கோ" என்றான். பிறகு ரீச்சரைப் போலவே வாயை மூடிக்கொண்டு இருந்தான்.

"அந்த வாழைக்குலை இருக்கெல்லே," என்று தொடங்கினாள் சுதாஜினி, "அது இஞ்ச வாறதுக்கு முதல் வாய்க்காலுக்க விழுந்தது."

"ரீச்சரும் விழுந்தவாவோ?"

"பின்ன? ரீச்சரும், பையும், ஸ்கூட்டியும்!"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நிருஷன் எழுந்தான். "நான் வந்த பிறகு மிச்சத்தைச் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டுப் படலைக்கு ஓடினான். அங்கே வைத்திருந்த சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான்.