நிறுத்தக்காவின் வெட்டுப்பட்ட பாடம்

செவிலியர் கல்லூரியில் மருந்துக் கணக்கு சொல்லிக்கொடுக்கும் அவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் நிறுத்தக்கா. பாடத்தின் நடுவே சட்டென்று கையை உயர்த்தி, "இங்க நிறுத்து. போட்டுப் பாரு," என்பாள். பிறகு வாயே திறக்கமாட்டாள். கடைசி வரிசைப் பேனாவும் ஓய்ந்த பிறகுதான் அடுத்த வார்த்தை வரும்.

பாதிப் பாடத்தை இணையத்துக்கு மாற்றும்படி முதல்வரம்மா சொன்னபோது அவள் முகம் சுளிக்கவில்லை. வீட்டில் பார்த்துவிட்டு வரட்டும், வகுப்பு நேரத்தில் பொம்மை நோயாளியின் கையில் டிரிப்ஸ் ஏற்றிப் பழகட்டும் என்று திட்டம் போட்டுக் கொடுத்தாள். படுக்கையறையில் மின்விசிறியை அணைத்துவிட்டு, வேர்த்து வழிய, பாடங்களைக் காணொளியாகப் பதிவுசெய்தாள். கேள்வியைச் சொல்லிவிட்டு வழக்கம்போல் மௌனமாக நிற்பாள். ஒருநாள் கணவன் பதறிப்போய்க் கதவைத் திறந்தான்.

"என்னாச்சு? பேச்சையே காணோம்!"

"பிள்ளைங்க கணக்குப் போடுறாங்க."

"எந்தப் பிள்ளைங்க? கட்டில்ல தலகாணிதான இருக்கு!"

அந்தப் பதிவு வீணாய்ப் போனது. அவனைத் துரத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

பருவம் தொடங்கியதும் முதல்வரம்மா அவளுடைய வகுப்பு நேரத்தைத் தூக்கி வேறு பாடத்துக்குக் கொடுத்துவிட்டார். "அதான் எல்லாம் ஆன்லைன்ல இருக்கே!" அன்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். மறு வாரம் பிள்ளைகள் நிஜ வார்டுக்குப் போகவேண்டும் என்ற நிலை வந்தபோது, மதிய இடைவேளையில் அவர்களைப் பிடித்து இழுத்துவந்து பொம்மையின் முன் நிறுத்தினாள்.

"நானூறு மில்லி. ரெண்டு மணி நேரத்துல போகணும். இந்தக் குழாய்ல மில்லிக்குப் பதினஞ்சு சொட்டு. நிமிஷத்துக்கு எத்தன சொட்டு?"

"இருபத்தஞ்சு மேடம்!" என்று ஒரே குரலில் கத்தினார்கள். ஒருத்தி கையிலும் பேனா இல்லை.

சரியான விடை ஐம்பது. இருபத்தைந்து என்பது காணொளியில் அவள் போட்டுக் காட்டிய வேறு கணக்கின் விடை: ஐந்நூறு மில்லி, ஐந்து மணி நேரம். கேள்வி வேறு, பாட்டில் வேறு, நேரம் வேறு. விடை மட்டும் பாட்டு மாதிரி மனப்பாடம் ஆகியிருந்தது.

"வீடியோவுல நிறுத்தச் சொன்னேனே, போட்டுப் பாக்கலயா?"

"எங்க மேடம் நிறுத்துறீங்க? மூச்சு விடாம விடையும் சொல்லிடுறீங்க!"

அங்கேயே கைப்பேசியில் போட்டுப் பார்த்தாள். "போட்டுப் பாரு" என்ற சொல்லின் வால் அடங்குவதற்குள் அவள் குரலே "இருபத்தஞ்சு" என்றது. அடியில் டிங் டிங் என்று இசை வேறு.

கல்லூரிப் பதிவறையில் காணொளிகளை வெட்டி ஒட்டும் ஆளுக்கு அவளைவிட நான்கு வயது கூட. எல்லோரும் கத்திரி என்பார்கள். அவளைப் பார்த்ததும் பெருமையாகச் சிரித்தான். "நடுவுல நடுவுல பேச்சே இல்ல மேடம். மைக் புட்டுக்கிச்சுன்னு நெனச்சு எல்லாத்தையும் தூக்கிட்டேன். நறுக்குன்னு ஆயிடுச்சு பாத்தீங்களா? முதல்வரம்மாவும் அப்படித்தான் கேட்டாங்க. நீளமா இருந்தா யாரும் பாக்கமாட்டாங்களாம்."

அவள் நேராக அவர் அறைக்குப் போனாள்.

முதல்வரம்மா கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். வரிசையாகப் பச்சை டிக். "எல்லாரும் பாத்து முடிச்சாச்சு. இன்னும் என்ன?"

"ஓட விட்டிருக்காங்க. பாத்தாங்கன்னு யார் சொன்னா?"

"குரல ஒசத்தாத. ஒருத்தர் கொறையாம வார்டுக்குப் போகணும். ஆஸ்பத்திரிக்கு வாக்குக் குடுத்தாச்சு."

"நான் அனுப்பமாட்டேன். வேணும்னா ஒரு நோயாளிய நீங்களே காட்டுங்க. இவருக்குப் பாதி மருந்து போனாப் பரவால்லன்னு உங்க வாயால சொல்லுங்க. இப்பவே அனுப்புறேன்."

முதல்வரம்மா கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். "வார்டு ஒரு வாரம் தள்ளிப் போகட்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் வகுப்பு எடுத்துக்க. இந்தப் பருவம் மட்டும்தான்."

அவள் நன்றி சொல்லவில்லை. பிடுங்கிய பொருளைப் பிச்சை மாதிரித் திருப்பித் தருகிறவர்களுக்கு எதற்கு நன்றி? கதவைச் சாத்திய வேகத்தில் வெளியே காத்திருந்த குமாஸ்தா துள்ளி எழுந்தார்.

மறுபடி பதிவறை. கத்திரியின் நாற்காலிக்குப் பின்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள். "நான் பேசாம நின்ன எடத்தையெல்லாம் திரும்ப ஒட்டு."

"அந்த எடத்துல என்ன மேடம் போடட்டும்? வேற மியூசிக்?"

"ஒண்ணும் போடாத. சும்மா விடு."

"பத்து செகண்டு போதுமா?"

"வீடியோவுல இருக்குற கணக்க நீயே போட்டுப் பாரு. எவ்வளவு நேரம் ஆகுதோ அவ்வளவு விடு."

அவன் விளையாட்டாகத்தான் பென்சிலை எடுத்தான். ஐந்நூறைப் பதினைந்தால் பெருக்கினான், அடித்தான், மறுபடி பெருக்கினான். மணியை நிமிடமாக்க மறந்து தலையைச் சொறிந்தான். காதுமடல் சிவந்துவிட்டது.

"ஒரு நிமிஷம் பத்தல மேடம்."

"அதத்தானய்யா வெட்டி எறிஞ்ச!"