முழுத் தையல் என்று எழுதினேன்

கலைவாணியின் முகத்தைக் கெடுத்தது பஸ் கண்ணாடி அல்ல. நான்தான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. என்னைப் பற்றி நல்லவிதமாக நினைத்துக்கொண்டே பாதிவரை வாசித்துவிட்டு நீங்கள் ஏமாற வேண்டாம்.

அப்போது மலாக்கா டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் பில் போடுவது என் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கம். ஜாசின் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, டைப்பிங் படித்து, ஏர்கோன் அறையில் உட்கார்ந்துவிட்டவள் நான். அந்தத் திமிர் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரிய வேண்டும். மருத்துவர் காயத்தைத் தைத்துவிட்டுக் குறிப்பு எழுதுவார். எங்கே கிழிந்தது, எவ்வளவு நீளம், எவ்வளவு ஆழம், எப்படித் தைத்தார்... அதை நான் ஓர் எண்ணாக மாற்ற வேண்டும். கைக்கு ஓர் எண், முகத்துக்கு வேறு எண். தோலை மட்டும் இழுத்துத் தைத்தால் ஒன்று. உள்ளே தசையையும் அடுக்கடுக்காகச் சேர்த்துத் தைத்தால் இன்னொன்று. மருத்துவச் செலவைக் கட்டும் காப்புறுதி நிறுவனத்தார் காயத்தையா வந்து பார்க்கிறார்கள்? எண்ணைத்தான் பார்ப்பார்கள். நான் போட்டுக் கொடுத்ததுதான் அவர்களுக்கு நோயாளியின் முகம்.

கலைவாணி, மெர்லிமாவ் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டிய முனியாண்டி அண்ணனின் மகள். பத்தொன்பது வயது. ஒரு காலையில் அவள் போன பேக்டரி பஸ் சாலையோரக் கால்வாயில் சாய்ந்தது. மற்றவர்களுக்கு வெறும் சிராய்ப்பு. ஜன்னலோரம் இருந்த இவளுக்கு இடது கன்னத்திலிருந்து உதட்டோரம்வரை கிழிந்துவிட்டது. காயத்தில் மண் வேறு. முகம் வீங்கிப்போயிருந்தது. மருத்துவர் கழுவிச் சுத்தம் செய்து, தோலை மட்டும் சேர்த்து மூடினார். இது தற்காலிகத் தையல்தான், வீக்கம் வடிந்ததும் உதட்டுத் தசையைச் சேர்த்து முறையாகத் தைக்க வேண்டும் என்று எழுதியும் வைத்தார்.

தெளிவாகவே எழுதியிருந்தார்! புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை.

அவளை வீட்டுக்கு அனுப்பும் நாளில் முனியாண்டி அண்ணன் கவுண்டருக்கு வந்தார். தையல் எந்த வகையோ அதற்கேற்றபடிதான் பேக்டரி எடுத்திருந்த காப்புறுதி பணம் தரும். அறை, மருந்து எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். தோல் தையல் என்றால் மீதியைக் குடும்பம்தான் கட்ட வேண்டும். அவர் அதை யாரிடமோ விசாரித்துத் தெரிந்துகொண்டு வந்திருந்தார்.

“ஏம்மா, நீயும் நம்ம எஸ்டேட்டுப் பிள்ளைதானாமே? எங்க கையிலருந்து ரொம்ப கட்டணுமா? கொஞ்சம் பாத்து செய்மா.”

கொஞ்சம் பார்த்துச் செய்... நம் ஆட்களுக்கு இது ஒரு மந்திரம். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நம்மவர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் போதும், சட்டம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் என்று நம்புகிறோம். வளைத்துக் கொடுப்பவருக்கும் அதில் ஒரு சுகம் இருக்கிறது. நான் வளைத்தேன். முகம், அடுக்கடுக்கான முழுத் தையல் என்பதற்குரிய எண்ணைப் போட்டேன். மருத்துவர் என்மேல் இருந்த நம்பிக்கையில் எண்ணைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

“ஒண்ணும் கட்ட வேணாம்ணே. இன்சூரன்ஸ் கம்பெனியே கட்டிரும். நீங்க கலைய கூட்டிட்டுப் போங்க.”

அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த வாரம் ஒரு பை நிறைய ரம்புத்தான் பழம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். இனிப்பாக இருந்தது. சக ஊழியர்களுக்கும் கொடுத்து, நான் செய்த உதவியையும் சொல்லிக்கொண்டேன்.

அது இரக்கமா? பெருமையா? எத்தனையோ முறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். இரண்டும் இருந்தன என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

வீக்கம் வடிந்ததும் கலை திரும்பி வந்தாள். உதட்டின் ஓரம் மேலே இழுபட்டு, வாய் கோணியிருந்தது. மருத்துவர் இரண்டாம் தையலுக்கு நாள் குறித்தார். காப்புறுதி நிறுவனத்திடம் அனுமதி கேட்டோம். மறுத்துவிட்டார்கள். முழுத் தையல் ஏற்கெனவே செய்தாயிற்றாம். இனிச் செய்வது அழகுக்காகவாம். அழகுக்கெல்லாம் பணம் தர முடியாதாம்.

அழகுக்காக! வாய் நேராகாத பெண்ணுக்கு...

மறுப்புக் கடிதம் என் மேசைக்குத்தான் வந்தது; அழகுக்கென்று மறுத்துவிட்டார்கள் என்று மட்டும் மருத்துவரிடம் சொன்னேன். அவர் காப்புறுதிக்காரர்களைத் திட்டிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார். தவறு எங்கே என்று அந்தக் கட்டடத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். ‘எண்ணைத் தவறாகப் போட்டவள் நான்’ என்று நான் சொல்லியிருந்தால் போதும், கலைக்கு அனுமதி கிடைத்திருக்கும். ஆனால் பழைய பில்களையும் கிளறுவார்களே... நான் ‘பார்த்துச் செய்தது’ கலைக்கு மட்டுமல்ல. வேலை போய்விடும், எஸ்டேட் முழுக்கப் பேச்சாகிவிடும் என்று பயந்தேன். எவ்வளவு சின்னப் பயம்! ஒரு முகத்துக்கு ஈடாக அதைத்தான் வைத்தேன்.

“கம்பெனி ஒத்துக்க மாட்டேங்குதுண்ணே. நானும் எவ்வளவோ கேட்டுப் பாத்துட்டேன்.”

நான் யாரையும் கேட்கவில்லை. ஆனால் அந்த மனிதர் என்னைத் தேற்றினார்.

“விடும்மா, நீ என்ன செய்வ? உயிருக்கு ஒண்ணும் இல்லல, அது போதும்லா.”

பக்கத்தில் நின்ற கலை, மரியாதைக்காக என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள். உதடு இழுபட்டதும் சட்டென்று கையால் வாயை மூடிக்கொண்டாள்.

பிறகு அரசாங்க மருத்துவமனைக்குப் போனார்கள் என்று கேள்விப்பட்டேன். இதற்கென்று உள்ள மருத்துவர் எப்போதாவதுதான் வெளியூரிலிருந்து வருவார். தேதி தள்ளிப் போயிற்று. தேதி வந்தபோது பேக்டரியில் லீவு கிடைக்கவில்லை. தழும்பு இறுகிவிட்டது. அவர்களும் விட்டுவிட்டார்கள்.

நான் அதே நாற்காலியில் உட்கார்ந்து எண் போட்டுக்கொண்டிருந்தேன். சம்பளமும் கூடியது.

சில வருடங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளேபாங் கடலோரக் கடைகளில் பீசாங் கோரேங், அதுதான் பொரித்த வாழைப்பழம், வாங்க நின்றிருந்தேன். “அக்கா!” என்று ஒரு குரல். கலை. பக்கத்தில் கணவர். ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மடியில் பெண் குழந்தை, மூன்று வயதிருக்கும்.

“இந்த அக்காதாங்க, நா சொல்வேன்ல? ஆஸ்பத்திரியில ஒரு காசு வாங்காம எங்களைப் பாத்துக்கிட்டாங்க” என்று கணவரிடம் சொன்னாள். வாயைக் கையால் மூடியபடியேதான் சொன்னாள்.

நீங்கள் நம்புவீர்களோ என்னவோ, அப்போது நான் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்கக்கா, என்ன குடிக்கிறீங்க?” என்றார்.

“தே ஓ போதும் தம்பி, பால் வேணாம்” என்றேன். அவ்வளவுதான் வெளியே வந்தது!

மேசைக்கு அடியில் ஒரு பூனை வந்து குழந்தையின் தொங்கிய காலை உரசியது. குழந்தை கெக்கலித்துச் சிரித்தது. சிரித்த உடனே, தன் சின்னக் கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டது. அதன் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. உதடு நேராக, அழகாகத்தான் இருந்தது.

“யாரு சொல்லிக் குடுத்தான்னே தெரியலக்கா. சிரிச்சா உடனே வாய மூடிக்கிது” என்றாள் கலை.

எனக்குத் தெரியும். சூடு ஆறும்வரை காத்திருந்து, தே ஓவைக் குடித்துவிட்டு, குழந்தையின் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சிவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.