துவைக்கக் கூடாத கோட்டு

ஆணியிலிருந்து கோட்டை எடுத்து, காலரில் மூக்கைப் புதைத்து, கண்ணை மூடி ஒரு நீள மூச்சு. "ம்ம், இருக்கு." அதற்கப்புறம்தான் பூச்சி டாக்டரம்மா வேலைக்குக் கிளம்புவார். மற்றவர்கள் ரோஜாவுக்குக் கொடுக்கிற மரியாதை அது. கோட்டில் இருப்பதோ மூன்று வருஷத்து ஆட்டு வாடையும் அவருடைய வியர்வையும். அதை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் இரண்டு சீட்டு கிடைக்கும். வெயில் நாளில் பஸ்ஸே கிடைக்கும்.

கால்நடை மருத்துவம் படித்து வைரஸ் ஆராய்ச்சிக்கு வந்தவர். கடுகைவிடச் சிறிய ஒரு கடிபூச்சி, ஆட்டுக்கு ஆடு நீலநாக்கு நோயை எப்படிக் கொண்டுபோகிறது என்பதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார். யாரைப் பார்த்தாலும் நலம் விசாரிக்கும் முன் முழங்கையைத் திருப்பிப் பார்ப்பார். "இது கொசு. இது எறும்பு. அடடே, இது நம்மாளு! எத்தனை மணிக்குக் கடிச்சுது?" கடிபட்டவருக்கு அரிக்கும், இவருக்கு இனிக்கும்.

ஆய்வகத்தில் அவர் வளர்க்கும் பூச்சிகளுக்கு மாப்பிள்ளை முறுக்கு. மெல்லிய சவ்வுக்கு அடியில் ரத்தத்தை இளஞ்சூடாக வைத்தாலும் திரும்பிப் பார்க்காது. கோட்டைப் பக்கத்தில் தொங்கவிட்டால்தான் வந்து உட்காரும். ரத்தம் குடித்தால்தான் முட்டையிடும். முட்டை இல்லையென்றால் மூன்று வருஷமாக வளர்த்த வம்சம் அத்தோடு சரி.

போன மாதம் டாக்டரம்மா இரண்டு நாள் வெளியூர்க் கூட்டத்துக்குப் போயிருந்தார். கணக்கு வாத்தியாரான கணவர் ஆசையாசையாகக் கோட்டை ஊறவைத்து, இரண்டு முறை அலசி, இஸ்திரியும் போட்டு மாட்டிவைத்தார்.

திரும்பி வந்தவர் காலரில் மூக்கை வைத்தார். சோப்புத்தூளின் மல்லிகை மணம்.

"என்னங்க பண்ணீங்க?"

"நாறுச்சேம்மா... நீ சந்தோஷப்படுவேன்னு."

"இன்னும் அஞ்சு நாளுங்க. அதுக்குள்ள பூச்சிங்க ரத்தம் குடிக்கலேன்னா அத்தனையும் போச்சு!"

புதுத்துணியை ஆட்டின்மேல் தேய்த்துப் பார்த்தார். பூச்சிகள் அசையவில்லை. ஆட்டு வாடையோடு மனித வியர்வையும் சேர்ந்து ஊறினால்தான் அவற்றுக்குப் பசிக்கும் போலிருக்கிறது. டாக்டரம்மாவோ சர்க்கரைத் தண்ணீர் காட்டி அவற்றின் உயிரைப் பிடித்து வைப்பதில் கூண்டைவிட்டு நகர முடியவில்லை.

போன வாடையைத் திரும்ப ஏற்ற வாத்தியார் லீவு போட்டார். கோட்டை மாட்டிக்கொண்டு ஆராய்ச்சி நிலையத்து ஆட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தார். படத்தில் ஆட்டைப் பார்த்தாலே இரண்டடி விலகுகிற மனிதர் அவர்.

கொட்டகைக்காரர் ஒரு கிடாயை இழுத்து வந்து அவர் மார்பில் சாய்த்தார். "நல்லா கட்டிப் புடிங்க சார். பரீட்சைப் பேப்பர் மாதிரி நுனியில புடிக்கிறீங்களே!"

"ஐயோ, மீசைய மேயுதுப்பா!"

"மேயட்டும் சார். உங்கள அதுக்குப் புடிச்சுப்போச்சு."

மூன்று பகல் முழுக்க இந்தக் கட்டிப்பிடிப்பு நடந்தது. கடைசி நாள் கிடாய் அவர் மடியிலேயே தூங்கிவிட்டது. எழுப்ப மனமில்லாமல் அவர் சாப்பிடக்கூடப் போகவில்லை.

நாலாம் நாள் கோட்டு ஆய்வகத்துக்குப் போனது. முதலில் ஒரு பூச்சி வந்தது. பிறகு மூன்று. அப்புறம் மொத்தக் கூண்டும் சவ்வின்மேல். லென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு வயிறும் ஒரு மாதுளை முத்து. டாக்டரம்மா தனியாகக் கைதட்டிய சத்தம் கொட்டகைவரை கேட்டு, ஆடுகள் பதில் குரல் கொடுத்ததாகக் கேள்வி.

அன்று சாயங்காலம் வாத்தியார் சோப்பும் துண்டுமாகக் குளிக்கப் புறப்பட்டார்.

"கொஞ்சம் நில்லுங்க."

டாக்டரம்மா சோப்பை வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். கணவர் தோளைப் பிடித்துத் திருப்பி, சட்டைக் காலரில் மூக்கைப் புதைத்து, கண்ணை மூடி ஒரு நீள மூச்சு.