சுண்ணாம்புக் கோடும் நாற்பது பெட்டிகளும்

வங்காளத்தின் கிடர்பூர்த் துறைமுகத்தில், சரக்குக் களத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றினேன். என் பொறுப்பிலிருந்த களத்தில் ஒரு பெட்டிகூடக் கோட்டைத் தாண்டி நின்றதில்லை. இது தற்பெருமை அன்று. அக்காலத்து உடன் பணியாளர்கள் இன்றும் என் லேக் கார்டன்ஸ் வீட்டுக்கு வந்தால் அதைத்தான் முதலில் பேசுவார்கள். அதே பழக்கம் ஒரு மனிதரின் தேனீக்களுக்குக் கேடாக முடிந்ததையும், பின்னர் நான் செய்ததையும் முறையாக எழுதிவைக்க விரும்புகிறேன். பிறர் வாயில் அரைகுறையாக உலவுவதைவிட நானே சொல்வது கௌரவமானது.

பெஹாலாவைத் தாண்டி, டைமண்ட் ஹார்பர் சாலையிலிருந்து சற்று உள்ளே எனக்கு நான்கு பிகா, அதாவது ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மேல், நிலம் உண்டு. ஓய்வு பெற்ற ஆண்டில் வாங்கியது. நெல் அறுத்ததும் கடுகு விதைப்பேன்; மருந்து தெளிக்க விடுவதில்லை. இதைக் கேள்விப்பட்டுத்தான் நதியா மாவட்டத்துத் தேனீ வளர்ப்பவர் ஒருவர் என்னிடம் வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. குளிரில் கடுகு வயல், அடுத்து லிச்சித் தோப்பு, வெயில் ஏறினால் சுந்தரவனக் காட்டோரம் என்று பூவைத் தொடர்ந்து பெட்டிகளோடு பயணம் செய்பவர். பூ இருக்கும் வரை நாற்பது பெட்டிகளுக்கு இடம் கேட்டார். பெரியப்பா முறையில் என்னை 'ஜெட்டு' என்றே அழைத்தார். எங்கள் பேச்சு வங்காளத்தில் நடந்தது, தமிழில் தருகிறேன்.

அவருடைய பெட்டிகள் நீலம், மஞ்சள், பாசி படிந்த பச்சை என்று பெட்டிக்கொரு கோலத்தில் இருந்ததைப் புகைப்படத்தில் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் வெள்ளை பூசிக் கொண்டுவர வேண்டும், நேர் வரிசையில் வைக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தேன்.

"வெள்ளை வேணாம் ஜெட்டு. எல்லாம் ஒண்ணுபோல இருந்தா அதுங்களுக்குத் தன் வீடு எதுன்னு குழம்பிடும்."

"அதனால் என்ன? வரிசையாக எண் போட்டுவிடுங்கள்."

"போடலாம். ஆனா அதுங்க பள்ளிக்கூடம் போனதில்லையே ஜெட்டு" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "இடம் உங்களுது, உங்க இஷ்டம்" என்றார். மருந்தடிக்காத நிலம் அவருக்கு எளிதில் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும்.

லாரி வருமுன் நானே கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டேன். இருபது இருபதாக இரண்டு வரிசை; எல்லா வாசலும் கிழக்கே. மஞ்சள் வயலோரத்தில் அந்த வெண்மையைப் பார்க்க அக்கம்பக்கத்து விவசாயிகளை வரவழைத்தேன். என் வயதொத்த பக்கத்து வயல்காரர் வெற்றிலையை மென்றபடி சுற்றி வந்து, 'ஐயா' என்பதற்கு அங்கே சொல்லும் 'மொஷாய்' போட்டு, "எல்லாம் சரி மொஷாய், கப்பல் எப்ப வருது?" என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் காலையில் தேனீக்காரர் தொலைபேசியில் அழைத்தார். போனேன். வரிசை முனைகளில் இருந்த பெட்டிகளின் வாசலில் தேனீக்கள் தாடிபோல் தொங்கின. நடுவிலிருந்த ஒன்றைத் திறந்து ஒரு சட்டத்தை உயர்த்திக் காட்டினார். அடை வெறிச்சென்று தெரிந்தது. வாசல்களின் கீழே செத்த ஈக்கள் கிடந்தன.

"வயல்லேருந்து திரும்புறது எல்லாம் முனையிலதான் இறங்குது. நடுவுல எது தன்னோடதுன்னு தெரியல. தப்பா நுழைஞ்சா காவல் ஈ சண்டைக்கு வருது. இப்படியே விட்டா பாதிப் பெட்டி காட்டுக்குப் போற வரைக்கும் தாங்காது ஜெட்டு." சட்டத்தைப் பெட்டிக்குள் இறக்கியபடி சொன்னார்: "வேற ஊர்ல ஒருத்தர் இடம் தர்றாரு. நாளன்னைக்கு லாரி சொல்லியிருக்கேன்."

குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் என்னைத் தைத்தது. பூவின் நடுவில் பெட்டிகள் போய்விட்டால், மதராஸி பாபுவின் நிலத்தில் தேனீகூடத் தங்காது என்ற பேச்சு அந்த ஊரில் என் ஆயுள் வரை நிற்கும். ஊர்ப் பேச்சையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவருடைய பிழைப்பு என் உத்தரவால் நலிந்தது என்பதை எப்படிப் பொறுப்பது?

மாலையில் மனைவியிடம் சொன்னேன்.

"அவர் முதல்லயே வேண்டாம்னு சொன்னார்தானே?"

"சொன்னார்."

"அப்ப நாளைக்குப் போய் அதை அவர்கிட்ட சொல்லுங்க. எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?"

மறுநாள் பெஹாலா கடையில் நீலமும் மஞ்சளுமாக இரண்டு டப்பா வண்ணமும் ஒரு தூரிகையும் வாங்கிக்கொண்டு போனேன். பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்றிருந்தார். அவர் போகட்டும் என்று காத்திருக்கலாம், காத்திருக்கவில்லை. தேனீக்காரரிடம், "கோடு போட்டது நான். நீங்கள் தடுத்தீர்கள், நான் கேட்கவில்லை. தவறு என்னுடையது" என்றேன்.

வரப்பிலிருந்து குரல் வந்தது: "என்ன சொன்னீங்க மொஷாய்? காத்துல சரியாக் கேக்கல."

திரும்பி நின்று, களத்தில் கிரேன் இரைச்சலை மீறிப் பேசிய குரலில் மீண்டும் சொன்னேன். அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

தேனீக்காரர் டப்பாக்களைப் பார்த்து, "சிவப்பு வாங்கலையே? அது அதுங்க கண்ணுக்குத் தெரியாது" என்றார். அறியாமலே நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

லாரியை வேண்டாமென்று சொல்லிவிட்டார். வெயில் ஏறி ஈக்கள் வயலில் மேய்ந்துகொண்டிருந்தபோது, பெருத்த முனைப் பெட்டிகளையும் மெலிந்த நடுப் பெட்டிகளையும் இடம் மாற்றி வைத்தார். திரும்பி வந்தவை பழகிய இடத்திலேயே இறங்கி, மெலிந்த பெட்டிகளை நிரப்பின. அவர் கொடுத்த வலை முக்காட்டைப் போட்டுக்கொண்டு, முக்காலியில் அமர்ந்து, பெட்டி பெட்டியாக முகப்பில் வட்டம், முக்கோணம், பட்டை என்று வரைந்தேன். அடுத்தடுத்து இரண்டு ஒன்றுபோல் அமையாமல் பார்த்துக்கொண்டேன். அதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். மணிக்கட்டில் இரு முறை கொட்டியதை யாரிடமும் சொல்லவில்லை. நாள்தோறும் பெட்டிகளைச் சிறிது சிறிதாகத் திருப்பி, அவர் என் கோட்டைக் கலைத்தார். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மூன்று பெட்டிகள் தேறவில்லை. எஞ்சிய ஈக்களை மற்றவற்றோடு சேர்த்துவிட்டார். முப்பத்தேழு, பூ முடியும் வரை என் நிலத்திலேயே இருந்து லிச்சித் தோப்புக்குப் போயின.

அதற்குப் பின் அவர் ஒரு குளிர்காலமும் தவறியதில்லை. வந்ததும் முதல் கேள்வி, "ஜெட்டு, சுண்ணாம்பு இல்லையே?" என்பதுதான். இந்த ஆண்டு பக்கத்து வயல்காரரும் மருந்தை நிறுத்திவிட்டு, தம் நிலத்திலும் பத்துப் பெட்டி வைக்கச் சொல்லி என்னிடம் வந்தார். "எப்படி வைக்கணும் மொஷாய்?" என்று கேட்டார். "அவர் வைக்கிறபடி" என்றேன்.

மழையில் மங்கும் வட்டங்களையும் முக்கோணங்களையும் ஆண்டுக்கொரு முறை நானே புதுப்பிக்கிறேன். வேறு யாரையும் தொட விடுவதில்லை. சென்ற முறை அந்த வேலையில் இருந்தபோது, சுந்தரவனக் காட்டோரத்தில் மற்ற தேனீக்காரர்கள் இதை வரைந்தது யார் என்று கேட்பதாகத் தேனீக்காரர் சொன்னார்.

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?" என்றேன், தூரிகையிலிருந்து கண்ணெடுக்காமல்.

"எங்க ஜெட்டுன்னு சொன்னேன்."