மூன்று என்று எழுதினேன்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ஒரு மனநோய் மருத்துவமனையில், பெண்கள் வார்டில் நர்ஸாக இருந்தேன். வீடு இராயபுரம். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அந்த வருடம்தான் இறந்திருந்தார். அடக்கம் முடிந்த மூன்றாம் நாளே வேலைக்குப் போய்விட்டேன். அழுகை வரும்போது அழுதுகொள்ளலாம் என்று இருந்தேன். வரவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், பஸ் ஏறினேன்.

புதிதாக வந்த பெரிய டாக்டர், ஐந்து வருடத்துக்கு மேல் உள்ளேயே இருக்கும் எல்லாரையும் நான்கு பிரிவாகப் பிரிக்கச் சொன்னார். நோயின் பெயரை வைத்து அல்ல, ஒருத்திக்கு எவ்வளவு கவனிப்பு தேவை என்பதை வைத்து. தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்பவர் ஒன்று. சொன்னால் செய்துகொள்பவர் இரண்டு. கூட நின்று செய்துவிட வேண்டியவர் மூன்று. கண்ணை எடுக்க முடியாதவர் நான்கு. ஒன்றாம் பிரிவுக்காரர்கள் வீட்டுக்குப் போகலாம். வீட்டில் ஏற்காவிட்டால், காம்பவுண்டுக்குள்ளேயே பூட்டுப் போடாத ஒரு தனி வீடு தயாராகிக்கொண்டிருந்தது. அங்கே அவர்களே சமைத்துச் சாப்பிடலாம்.

ஆளுக்கு ஒரு தாள். தானே சாப்பிடுகிறாரா, குளிக்கிறாரா, புடவை கட்டுகிறாரா, இன்று என்ன கிழமை என்று தெரியுமா. கிழமை கேட்டால் எப்போதும் வெள்ளி என்று சொல்கிற ஒருத்தி இருந்தாள். நான் கேட்ட அன்று வெள்ளிக்கிழமை. சரி என்று குறித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

திருவொற்றியூர்க்காரி ஒருத்தியும் அந்தப் பட்டியலில் இருந்தாள். ஐம்பது வயதிருக்கும். பிரசவத்தில் பிள்ளை இறந்தபின் காதில் குரல் கேட்க ஆரம்பித்து, புருஷன் விட்டுப்போய், தம்பி கொண்டுவந்து சேர்த்தவள். குரல்கள் நின்று பல வருடமாகியிருந்தது. எங்கள் வார்டுக்கு ஆயாக்கள் இரண்டே பேர். காலையில் மற்றவர்களை எழுப்பி, வரிசையாகக் குளிப்பாட்டி, தலை வாரி, சாப்பிட மறுப்பவர்களுக்கு ஊட்டிவிடுவது இவள்தான்.

"இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டேன்.

"செவ்வா. இன்னா சிஸ்டர், உனுக்கே மறந்துபோச்சா?"

"வீட்டுக்குப் போக இஷ்டமா?"

கையிலிருந்த சீப்பைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். "வூட்ல யாரு கீறாங்கன்னு பாத்துட்டு வா. அப்பால சொல்றேன்."

அந்தப் பக்கத்தில் குடியிருப்பவள் என்று என்னையே விசாரித்து வரச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து திருவொற்றியூருக்குப் பஸ் ஏறினேன். தம்பி எண்ணூர் ரோட்டில் ஒரு ஃபாக்டரியில் வேலை பார்க்கிறவர். ஷிப்ட் முடிந்து குளித்துவிட்டு ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தார். எங்கிருந்து வருகிறேன் என்று சொன்னதும் எழுந்து தெருக்கதவைச் சாத்தினார்.

"அக்கா நல்லா கீதா?"

"நல்லா இருக்காங்க. வீட்டுக்கு அனுப்பலாம்னு டாக்டர் நினைக்கிறார்."

அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். தம்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரேசன் கார்டுல பேர எடுத்துட்டோம் நர்சம்மா. செத்துப்பூட்ச்சின்னுதான் எல்லாருகிட்டயும் சொல்லிகீறோம். பெரிய பொண்ண பாக்க அடுத்த வாரம் வராங்கோ. இப்பப் போயி நான் இன்னான்னு சொல்றது?"

நான் கிளம்பும்போது உள்ளே போய் ஒரு பருத்திப் புடவையை எடுத்து வந்தார். "இத்த அதுகிட்ட குடுங்க. பல்லு வலின்னு சொல்லிகினே இருக்கும். இப்ப கீதா?"

தெரியாது என்றேன். அந்தக் கேள்வி எங்கள் தாளில் இல்லை.

மறுநாள் தலைமை நர்ஸ் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். அவளுடைய தாளில் நிறுத்தினார்.

"இவளை ஒண்ணுல போட்டிருக்கியா?"

"எல்லாம் தானாவே செய்றாங்களே, மேடம்."

"அதான் சொல்றேன். இவளும் அந்தத் தனி வீட்டுக்குப் போயிட்டா காலையில இத்தனை பேரை யார் குளிப்பாட்டுறது? நீயா, நானா? வீட்லயும் வேணாம்னுட்டாங்க. எங்க இருந்தா அவளுக்கு என்ன?"

வீட்டாரே வேண்டாம் என்றவளுக்கு ஒன்று என்ன, மூன்று என்ன என்று எனக்கும் தோன்றியது. புதுத் தாள் எடுத்தேன். தானே குளிக்கிறாரா என்ற இடத்தில் 'உதவி தேவை' என்று எழுதினேன். பிரிவு: மூன்று. ஜன்னலுக்கு வெளியே அவள் ஒரு கிழவியை உட்காரவைத்து முதுகு தேய்த்துக்கொண்டிருந்தாள். என் கையெழுத்து எப்போதும்போல அழகாகவே இருந்தது.

புடவையைக் கொடுத்தபோது முகர்ந்து பார்த்தாள்.

"செத்துப்பூட்டேன்னு சொல்லிகீறானா?"

புடவை சுற்றிவந்த காகிதத்தை நான் மடித்தேன்.

"அவன் இன்னா பண்ணுவான், பாவம். அந்தத் தனி வூட்டுக்கு என்னை எப்ப அனுப்புவீங்கோ?"

"டாக்டர்தான் சொல்லணும்" என்றேன்.

அடுத்த மாதம் ஒன்றாம் பிரிவுக்காரர்கள் போனார்கள். அவர்களுடைய மூட்டைகளை அவள்தான் வார்டு வாசல்வரை தூக்கிவந்து கொடுத்தாள். அதன் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பெரிய டாக்டர் மாற்றலாகிப் போனார். அந்தத் தாள்களை யாரும் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, தலைமை நர்ஸ் ஓய்வு பெற்ற பிறகு, வார்டுக்கு ஓர் இளம் டாக்டரம்மா வந்தார். பழைய தாள்களை மேஜைமேல் பரப்பி என்னைக் கூப்பிட்டார்.

"இவங்க ஏன் சிஸ்டர் மூணுல இருக்காங்க?"

"நான்தான் போட்டேன். வார்டு வேலைக்கு ஆள் வேணும்னு போட்டேன்."

திட்டுவார் என்று நின்றிருந்தேன். அவர் மூன்றை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினார், அவ்வளவுதான்.

அன்று மத்தியானமே அவள் தனி வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்கு மனசு கேட்காது, வார்டுக்கு வந்து வந்து போவாள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். ஒருநாள்கூட வரவில்லை. வார்டில் நாற்றம் தாங்க முடியவில்லை. நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தினமும் குளிப்பாட்டினேன். மேலிடத்துக்கு நாலைந்து மாதம் எழுதிப் போட்ட பிறகு இன்னும் இரண்டு ஆயாக்களைக் கொடுத்தார்கள்.

ஒருநாள் அந்தத் தனி வீட்டில் ஒருவருக்கு ஊசி போடப் போனேன். அவள் பின்பக்கம் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இங்க எப்படி இருக்கு?"

"நல்லா கீது."

"வார்டுல உங்களைத் தேடுறாங்க."

"தேடட்டும்." ஒரு மீனின் தலையைக் கிள்ளிப் போட்டாள். "மூணுன்னு நீதான் எழுதுனியாமே. டாக்டரம்மா சொல்லிச்சு."

"ஆமா."

என்னை அண்ணாந்து பார்த்தாள். முகத்தில் கோபம் இருந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

"கொஞ்சம் தள்ளி நில்லு சிஸ்டர். தண்ணி ஊத்தணும்."

தள்ளி நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது, கேட்கவில்லை. அவள் மீனை அலசி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நானும் ஊசி போட்டுவிட்டு வார்டுக்குத் திரும்பினேன். எனக்கு வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வரும்வரை அவள் அங்கேதான் இருந்தாள், சமையல் பொறுப்பைப் பார்த்துக்கொண்டு.