பூட்டிய பக்கத்தில் மூன்று வரிகள்

காலை ஏழு ஐந்து. கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது, மின்கம்பத்தில் ஒட்டியிருந்த ஒரு மரண அறிவித்தல். இறந்தவரின் படம், வயது, பிறந்த ஊர், செய்த தொழில், பிள்ளைகள் மருமக்களின் பெயர்கள், அவர்கள் வாழும் நாடுகள், கடைசியில் வீட்டு இலக்கமும் வீதியும். இதையெல்லாம் போட யாரிடம் அனுமதி கேட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. பதினொரு வருட ஜெர்மனி வாசம் அப்படிப் பழக்கியிருக்கிறது. அங்கே கொலை வழக்கில் பிடிபட்டவனைக்கூடப் பத்திரிகைகள் பெரும்பாலும் முதற்பெயரோடும் ஓர் எழுத்தோடும் நிறுத்திக்கொள்ளும். நான் கண்டியில் நிருபராக இருந்த காலத்தில், பஸ் விபத்தில் கால் ஒடிந்தவரின் தகப்பன் பெயரை விட்டுவிட்டால் ஆசிரியபீடத்திலிருந்து போன் வரும். மின்கம்பத்தடியில் வந்த அந்தக் கேள்வி இரண்டு வருடங்களுக்கு முன்பே, ஜெர்மனியில் நான் வாழும் டோர்ட்முண்டில், எனக்கு வந்திருக்க வேண்டும்.

அங்கிருந்து நாங்கள் சிலர் கண்டிப் பக்கத்துத் தமிழ் பேசுவோருக்காக ஒரு சமூக வலைத்தளம் நடத்துகிறோம். மென்பொருள் திறந்த மூலம். யாரும் எடுத்துச் சொந்தக் கணினியில் நிறுவலாம், முதலாளி கிடையாது. கலஹாவிலும் திகனவிலும் அக்குறணையிலும் இருப்பவர்கள், அங்கிருந்து கட்டாருக்கும் கனடாவுக்கும் போனவர்கள் அதில் எழுதுகிறார்கள். ஆட்களைச் சேர்ப்பது என் பொறுப்பு. நான் ஒரு விதி வைத்தேன். புனைபெயரில் எழுதலாம், ஆனால் தன்விவரத்தில் மூன்று வரிகள் கட்டாயம்: ஊர், வீதி, யாருடைய பிள்ளை. தொழில்நுட்ப வேலைகளைப் பார்க்கும் பிர்கிட் என்ற ஜெர்மன் பெண் வீதி எதற்கு என்று கேட்டார். எங்கள் நாட்டில் அது இல்லாமல் ஆளை ஏற்கமாட்டார்கள் என்றேன். அது இலங்கைச் சட்டம் என்று அவர் விளங்கிக்கொண்டு மேலே பேசவில்லை. அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

தர்ஷினி அப்படிச் சேர்ந்தவர். அது அவருடைய பெயரல்ல, இங்கே நான் வைத்தது. வயதையும் வீதியையும்கூட இங்கே எழுதிவிட்டு அடித்தேன். கை பழக்கத்தில் எழுதிவிடுகிறது. தாயோடு கண்டியில் இருக்கிறார், ஒரு கடையில் கிளார்க். பள்ளிக் காலத்திலிருந்து வலிப்பு நோய் உண்டு. அதை வெளியே சொன்னதில்லை, எங்கள் தளத்தில்தான் புனைபெயரில் எழுதினார். மூன்று வரிகளையும் யார் பார்ப்பார்கள் என்று சேரும்போதே கேட்டார். பக்கத்தைப் பூட்டிவையுங்கள், நீங்கள் அனுமதித்தவர்கள் மட்டும் பார்ப்பார்கள் என்று பதில் போட்டேன். பூட்டினார். அந்தப் பூட்டு மறைப்பது பதிவுகளை மட்டும். தன்விவர வரிகள் உலகத்துக்கே தெரியும். அதைச் சொல்லும் வழிகாட்டிப் பக்கத்தை நான் முழுதாக வாசித்திருக்கவில்லை. “வலிப்போடு வாழ்கிறேன், நன்றாகவே வாழ்கிறேன்” என்று அவர் புனைபெயரின் கீழ் எழுதியிருந்தார். அதற்குக் கீழே நான் கேட்ட மூன்று வரிகள், தகப்பன் பெயரோடு.

இந்த வருடம் மாத்தளையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. இருவரும் போனில் பேசினார்கள், பிடித்திருந்தது. வழக்கப்படி மாப்பிள்ளையின் தாய்மாமன் விசாரிக்க வந்தார். வீதியில் விசாரித்தார், கடையில் விசாரித்தார், பிறகு பெண்ணின் தகப்பன் பெயரைப் போனில் தட்டித் தேடினார். ஒரு சனிக்கிழமை, அவளுடைய தளப் பக்கத்தை அச்சிட்ட தாளோடு வந்து வாசலில் நின்றார். சம்பந்தம் அத்தோடு நின்றது.

தர்ஷினி இதை எனக்கு எழுதியதும், நேரில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பதில் எழுதினேன். வரலாம், ஆனால் தளத்தை நடத்துபவன் நான்தான் என்று அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்றார். கண்டியில் இறங்கிய அன்று காலை என்னைப் பத்திரிகையில் வேலை செய்தவர் என்று அறிமுகப்படுத்தினார். தாய் முந்தானையால் கதிரையைத் துடைத்தார்.

“ஒக்காருங்க தம்பி. நீங்க யாரு வீட்டுப் புள்ள?”

ஊர், வீதி, தகப்பன் பெயர் சொன்னேன். அவருக்குத் திருப்தி. அதன்பின் மறைக்காமல் பேசினார்.

“அந்த மாமன்காரரு தாள நீட்டுறாரு, அதுல எம் புருசன் பேரு. அவரு செத்து ஒம்பது வருசமாச்சு தம்பி. எவனோ வெளிநாட்டுல குந்திக்கிட்டு இத நடத்துறானாம். அவனுக்கெல்லாம் அக்கா தங்கச்சி இல்ல போல.”

தர்ஷினி பால் விடாத பிளேன்டீயைக் கொண்டுவந்து வைத்தார். “சீனி போதுமா அண்ணே?”

குடித்துப் பார்த்துவிட்டுப் போதும் என்றேன். எனக்கு இரண்டு தங்கைகள்.

வழியனுப்ப வந்த தர்ஷினியிடம், வேலிப் படலையடியில், விமானத்தில் யோசித்து வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லத் தொடங்கினேன். அவர் முடிக்க விடவில்லை.

“நோயி தெரிஞ்சதுக்கு நான் அழல அண்ணே. மறுநாள் ஞாயித்துக்கிழம நானே மாப்பிள்ளகிட்ட சொல்ல இருந்தேன். என்னென்ன சொல்லணும்னு எழுதிக்கூட வச்சிருந்தேன். நான் சொல்றதுக்கு முந்தி அவங்க படிச்சிட்டாங்க.” பிறகு, “அம்மாகிட்ட ஒங்களப் பத்திச் சொல்லமாட்டேன். பயப்படாம போங்க” என்றார்.

நான் பயந்துகொண்டுதான் இருந்தேன். அது அவருக்குத் தெரிந்திருந்தது.

டோர்ட்முண்ட் திரும்பி எல்லோருடைய பக்கங்களிலிருந்தும் அந்த மூன்று வரிகளை நீக்கினேன். காரணத்தைப் பிர்கிட்டிடம் சொன்னபோது, அப்படியானால் அது இலங்கைச் சட்டம் இல்லையா என்று மட்டும் கேட்டார். தர்ஷினி தன் கணக்கை மூடிவிட்டார். இத்தகைய தளங்கள் ஒன்றோடொன்று பேசுபவை. ஒன்றில் எழுதியதன் நகல் மற்றவற்றுக்கும் போகும். அழிக்கச் சொல்லி எங்கள் தளம் எல்லாவற்றுக்கும் கோரிக்கை அனுப்பும், ஏற்பது அவரவர் விருப்பம். இன்று காலை அவருடைய தகப்பன் பெயரைத் தேடிப் பார்த்தேன். பின்லாந்தில் ஒரு கணினியில், கண்டி வீதியின் பெயரோடு, மூன்று வரிகளும் இருக்கின்றன.